பாலுண்ணி, மரு, அக்கி: தோலில் தொற்றும் வைரசு நமது பரம்பரையலகுகளை என்ன செய்கிறது?

களுதாவளை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆரம்பப் பாடசாலையில் படிக்கும் என் மகளுக்கு அக்குளிலும் விலாப்புறத்திலும் சிறு கட்டிகள் தோன்றிப் பல மாதங்களாகின்றன. ஒவ்வொன்றும் மிளகளவுதான், பளபளப்பாக, தோலின் நிறத்தை விடச் சற்று வெளிறி, நடுவில் ஒரு குழியுடன் இருக்கின்றது. நோவும் இல்லை, சிவப்பும் இல்லை. தோல் கிளினிக்கில் காட்டியபோது, இது மொலஸ்கம் என்னும் வைரசுத் தொற்று, எங்கள் பக்கத்தில் பாலுண்ணி என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான், காலப்போக்கில் தானாகவே போய்விடும் என்று வைத்தியர் சொன்னார்.

வீட்டில்தான் பிரச்சினை. வைரசு பரம்பரையலகுக்குள் புகுந்துவிட்டால் அது பிள்ளைக்குப் பிள்ளை தொடரும் என்று என் மாமா சொல்லிவிட்டார். அவர் படித்தவர் என்பதால் வீட்டில் எல்லோரும் நம்பிவிட்டார்கள். நானும் இணையத்தில் தேடிப் பார்த்தேன். தோலைத் தொற்றும் வைரசுகள் மனிதக் கலங்களில் பரம்பரையலகுகளின் கட்டுப்பாட்டை மாற்றுகின்றன என்று ஆய்வுச் சுருக்கங்களில் உண்மையாகவே எழுதியிருக்கிறார்கள். அந்த மாற்றம் என்பது என்ன? அது நிலையானதா? இத்தனை மாதங்களாக ஒரு தொற்று தோலில் இருந்தும் உடம்பு ஏன் அதை எதிர்க்காமல் இருக்கிறது? தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.


கல்முனை உயிரியல் ஆசிரியர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் மாமா சொன்னதற்கும் நீங்கள் வாசித்ததற்கும் இடையிலே பெரிய தூரம் இருக்கிறது. உயர்தர மாணவர்களும் இதே இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

தோல் கலத்திலும், நரம்புக் கலத்திலும், ஈரற் கலத்திலும் ஒரே டி.என்.ஏ.தான் உண்டு. புரதங்களுக்குரிய ஏறத்தாழ 20,000 பரம்பரையலகுகள் எல்லாக் கலங்களிலும் உள்ளன. ஆனால் எந்த அலகு எந்தக் கலத்தில், எந்த நேரத்தில், எந்த அளவில் பிரதியெடுக்கப்படுகிறது என்பதிலேதான் வேறுபாடு. அம்பாறை மாவட்டத்து வயற்காரருக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. வயலின் உறுதிப்பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே, வாய்க்கால் மதகைத் திறப்பவரும் மூடுபவரும் அந்தப் போகத்தின் விளைச்சலை மாற்றிவிடலாம். ஆய்வாளர்கள் கட்டுப்பாடு என்று சொல்வது அந்த மதகுகளைத்தான். உங்கள் மாமா பயப்படுவது உறுதிப்பத்திரம் மாறிவிடும் என்று.

மொலஸ்கம் வைரசு இதில் மிகத் தெளிவான ஓர் எடுத்துக்காட்டு. அது பெரியம்மை வைரசின் குடும்பத்தைச் சேர்ந்தது. மனிதரை மட்டுமே தொற்றுவது. அதன் டி.என்.ஏ. ஏறத்தாழ 190,000 மூலச் சோடிகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) நீளமானது. அதன் முழு வரிசை 1996இல் வெளியானது. இந்தக் குடும்பத்து வைரசுகள் கலத்தின் கருவுக்குள் தம் டி.என்.ஏ.யைக் கொண்டுபோவதே இல்லை. பிரதியெடுக்கத் தேவையான நொதியங்களைத் தாமே கொண்டுவந்து, கருவுக்கு வெளியே உள்ள குழியவுருவிலேயே இருந்து பெருகுகின்றன. எனவே, கருவுக்குள் டி.என்.ஏ.யைத் தாங்கியிருக்கும் உங்கள் மகளின் நிறமூர்த்தங்களோடு அது கலக்க வழி இல்லை.

அப்படியிருந்தும் கருவுக்குள் இருக்கும் அலகுகளின் இயக்கத்தை அது மாற்றுகிறது. இதுதான் வியப்பு. கலம் ஒன்று வைரசை உணர்ந்தவுடன், என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதத் தொகுதி குழியவுருவில் இருந்து கருவுக்குள் நுழைந்து, அழற்சியை உண்டாக்கும் நூற்றுக்கணக்கான அலகுகளை இயக்கத் தொடங்க வேண்டும். தோல் சிவப்பதும், வெப்பமாவதும், வெண்கலங்கள் (வெண்குருதிக் கலங்கள்) அந்த இடத்துக்கு வந்து சேர்வதும் அதன் விளைவுகள். மொலஸ்கம் வைரசின் எம்சி005 என்ற புரதம் அந்தத் தொகுதியை விடுவிக்கும் கட்டளையை இடையில் தடுக்கிறது. எம்சி132 என்ற இன்னொன்று அந்தத் தொகுதியின் முக்கிய உறுப்பான பி65ஐயே சிதைக்கச் செய்கிறது. எம்சி54 கலத்துக்கு வெளியே போய், வெண்கலங்களை உசுப்பும் இன்டர்லூக்கின்-18ஐப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எதிர்க்க வேண்டிய அலகுகள் கெட்டுப்போகவில்லை. அவற்றுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. கட்டியைச் சுற்றிச் சிவப்பே இல்லாமல் மாதக்கணக்கில் அது அப்படியே இருப்பதற்குக் காரணம் இதுதான்.


மட்டக்களப்பு ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் எழுதியது:

ஆசிரியர் எழுதியதைக் கண்ணாடித் தகட்டில் நாங்கள் நேரிலேயே காண்கிறோம் என்பதால் இதைச் சேர்க்கிறேன்.

மொலஸ்கம் கட்டி ஒன்றை மெல்லியதாகச் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், மேற்றோல் கீழ்நோக்கிப் பல மடல்களாக வளர்ந்திருக்கும். சுற்றிலும் வெண்கலங்கள் பெரும்பாலும் இரா. மிக அடியிலுள்ள வரிசைக் கலங்கள் ஏறத்தாழ வழமையாகவே இருக்கும். அதற்குச் சற்று மேலே, குழியவுருவில் இளஞ்சிவப்பான சிறு துணிக்கை ஒன்று தெரியத் தொடங்கும். மேலே போகப் போக அது பருத்து, ஊதா நிறமாகி, கலத்தின் கருவை ஓர் ஓரத்துக்குத் தள்ளிவிடும். உச்சியில் கலம் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. வைரசு நிறைந்த உருண்டைகள் மட்டும் குழியின் வாயில் குவிந்திருக்கும். ஹென்டர்சன்–பட்டர்சன் உடல்கள் என்று அவற்றுக்குப் பெயர். கட்டியை நசுக்கும்போது வரும் வெள்ளைப் பொருள் அதுதான். நசுக்கிய விரல் அடுத்து எங்கே படுகிறதோ அங்கே இன்னொரு கட்டி வரக்கூடும். ஆகவே பிள்ளையின் விரல் நகங்களைக் குட்டையாக வெட்டிவிடுங்கள், துவாயை வேறாக வையுங்கள்.

சாதாரண மருவின் தகடு வேறு மாதிரி. அங்கே மேலடுக்குக் கலங்களில் கரு சுருங்கி, சுற்றிலும் வெறுமையான வெளிர் வளையம் தெரியும். மருவின் மேற்பரப்பில் காணும் கரும்புள்ளிகளை வேர் என்று சொல்லிப் பலர் கிள்ளி எடுக்கப் பார்க்கிறார்கள். அவை இரத்தம் உறைந்த நுண்குழாய்களே. கிள்ளினால் குருதிதான் வரும், மரு போகாது.


வாழைச்சேனைத் துறைமுகவாசி எழுதியது:

இந்த இழையைக் கண்டதில் மகிழ்ச்சி. என் மூத்த சகோதரர் மீன் வெட்டிக் கொடுக்கும் தொழில் செய்பவர். அவருக்கும் அவரோடு நிற்பவர்கள் சிலருக்கும் விரல்களிலும் நகத்தைச் சுற்றியும் மருக்கள் இருக்கின்றன. சுண்ணாம்பு வைத்துச் சுட்டார்கள். மயிர் கட்டி இறுக்கினார்கள். காய்ந்து விழுந்த இடத்திலேயே திரும்பவும் வருகிறது. மீனில் இருந்துதான் இது தொற்றுகிறதா? மருவை உண்டாக்கும் வைரசும் மொலஸ்கம் போல வெளியே நின்றே வேலை செய்கிறதா, அல்லது கருவுக்குள்ளேயே போகிறதா?


பிள்ளையாரடி மருத்துவ மாணவி எழுதியது:

அண்ணா, மீனில் இருந்து தொற்றுவதில்லை. மருவை உண்டாக்கும் மனித பப்பிலோமா வைரசு மனிதரிடமிருந்து மனிதருக்கே வருகிறது. ஆனால் மீன் வெட்டுவோருக்கும் இறைச்சி வெட்டுவோருக்கும் கையில் மரு கூடுதலாக வருவது பல நாடுகளில் பதிவான உண்மை. நாள் முழுவதும் ஈரத்தில் ஊறிய தோலில், செதிலும் முள்ளும் கத்தியும் போடும் சிறு கீறல்கள்தான் வைரசுக்கு வாசல். இறைச்சி வெட்டுவோரின் மருக்களில், மற்றவர்களிடம் அரிதாகவே காணப்படும் 7ஆம் வகை வைரசு அடிக்கடி காணப்படுகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சற்று நீண்ட விடை தேவை. இந்த வைரசுக்கு 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. எந்த வகையானாலும் அதன் டி.என்.ஏ. ஏறத்தாழ 8,000 மூலச் சோடிகள் மட்டுமே கொண்ட ஒரு வளையம். மொலஸ்கம் வைரசோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, தனக்கென்று டி.என்.ஏ. பெருக்கும் நொதியம்கூட இதனிடம் இல்லை. ஆகவே இது கருவுக்குள் போய், கலத்தின் சொந்த நொதியங்களைக் கொண்டே பெருக வேண்டும். அங்கேதான் சிக்கல். மேற்றோலின் அடிவரிசைக் கலங்கள் மட்டுமே பிரிகின்றன. அங்கிருந்து மேலே நகரும் கலம், பிரிவதற்குரிய அலகுகளை அடக்கிவிட்டு, கெரற்றின் முதலிய புரதங்களுக்குரிய அலகுகளை இயக்கி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் இறந்த செதிலாக உதிர்ந்துவிடும். பிரிவதை நிறுத்திய கலத்தில் டி.என்.ஏ. பெருக்கும் நொதியங்கள் இல்லை. வைரசுக்கோ அந்த மேலடுக்கில்தான் பெருக வேண்டியிருக்கிறது.

இதற்கு வைரசு கண்ட வழி ஈ7 என்ற சிறு புரதம். கலப்பிரிவு அலகுகளை இயக்கும் ஈ2எஃப் என்ற காரணியை, ஆர்பி என்ற புரதமும் அதன் உறவுப் புரதங்களும் பிடித்து அடக்கி வைத்திருக்கும். ஈ7 அவற்றைப் பற்றிக்கொள்ள, ஈ2எஃப் விடுபட்டு, ஓய்ந்திருக்க வேண்டிய கலத்தில் டி.என்.ஏ. பெருக்கும் அலகுகளைத் திரும்பவும் இயக்குகிறது. தோல் தடித்து மருவாக எழும்புவது இதன் விளைவு.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது. வைரசு தன் வெளி உறைக்குரிய எல்1, எல்2 புரதங்களை அடிவரிசையில் உண்டாக்குவதே இல்லை. கலம் உச்சிக்கு வந்து, முதிர்ச்சிக்குரிய காரணிகள் அதில் நிறைந்த பிறகுதான் அவை உருவாகின்றன. அதாவது நம் தோலின் கால அட்டவணையையே வைரசு தன் அட்டவணையாக வைத்துக்கொள்கிறது. கலத்தை வெடிக்கச் செய்யாமல், எப்படியும் உதிரப்போகும் செதிலோடு வெளியேறிவிடுகிறது. இரத்தத்துக்குள் இது பரவுவதில்லை. ஆகவே நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனத் தொகுதிக்கு எச்சரிக்கை மிகக் குறைவாகவே கிடைக்கிறது.

அந்தக் குறைந்த எச்சரிக்கையையும் அடக்கும் வழிகள் இதனிடம் இருக்கின்றன. தோல் கலங்கள் அமைதியான காலத்திலும் சிறிதளவு உண்டாக்கி வைத்திருக்கும் இன்டர்பெரோன் கப்பா என்ற காவற் புரதம் ஒன்று உண்டு. 16ஆம் வகை வைரசுள்ள கலங்களில், அந்த அலகின் தொடக்கப் பகுதியில் மெதைல் கூட்டங்கள் ஒட்டப்பட்டு அது மௌனமாக்கப்பட்டிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். எழுத்து மாறவில்லை, எழுத்தின் மேல் ஒட்டிய சிறு வேதிக் குறி வாசிப்பை நிறுத்திவிடுகிறது.

சுண்ணாம்பு வைத்தால் மேலே தெரியும் தடிப்பு வெந்து விழும். அதைச் சுற்றியுள்ள அடிவரிசைக் கலங்களில் வைரசின் வளையம் இருக்கும் வரைக்கும் மரு திரும்ப வரலாம். கூடவே புதுப் புண்ணும் உண்டாகிறது. அண்ணனைக் கையுறை அணியச் சொல்லுங்கள், சுண்ணாம்பைக் கைவிடச் சொல்லுங்கள், தோல் கிளினிக்கில் சலிசிலிக் அமிலமோ உறையவைக்கும் திரவ நைதரசனோ கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.


அக்கரைப்பற்று நூலகர் எழுதியது:

சகோதரியின் விளக்கம் தெளிவானது. ஆனாலும் ஓர் அச்சம் எழுகிறது. பிரிவதை நிறுத்திய கலத்தைத் திரும்பப் பிரியச் செய்வது என்பது புற்றுநோயைப் பற்றி நாம் வாசிப்பதைப் போலவே இருக்கிறது. அப்படியானால் கையில் மரு உள்ளவர்கள் எல்லோரும் அஞ்ச வேண்டுமா? பொதுமக்கள் வாசிக்கும் இடத்தில் இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல என்று நினைக்கிறேன்.


மட்டக்களப்பு ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் எழுதியது:

கேட்க வேண்டிய கேள்விதான். கையில் வரும் சாதாரண மருவின் வகைகளும் புற்றுநோயோடு தொடர்புடைய வகைகளும் ஒரே குடும்பமாயினும் நடத்தையில் வேறானவை. 1983இல் ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் 16ஆம் வகையையும், அதற்கு அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் கண்டது. அதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வகைகளின் ஈ7 புரதம் ஆர்பியை மிக இறுக்கமாகப் பற்றி அழிக்கிறது. ஈ6 புரதம், சேதமுற்ற கலத்தை நிறுத்தும் அல்லது சாகச் செய்யும் பி53 புரதத்தைச் சிதைக்கிறது. சாதாரண மருவை உண்டாக்கும் வகைகளின் ஈ6 இப்படிப் பி53ஐச் சிதைப்பதில்லை. ஆகவே கையில் மரு வந்தவர்கள் புற்றுநோய்க்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஒழுங்காகப் பெருகும் வைரசில் ஈ2 என்ற புரதம் ஈ6, ஈ7 அலகுகளை அளவோடு வைத்திருக்கும். நீண்டகாலத் தொற்றில் வைரசின் வளையம் முறிந்து மனித நிறமூர்த்தத்தோடு ஒட்டிக்கொள்ளும் சில வேளைகளில், முறிவு ஈ2 இருக்கும் பகுதியில் நேர்ந்தால் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது. இது வைரசுக்கும் நன்மையில்லாத ஒரு விபத்து. அதற்குப் பிறகு அது அடுத்தவரைத் தொற்ற முடியாது. 1951இல் எடுக்கப்பட்டு இன்றுவரை ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் ஹீலா என்ற புற்றுநோய்க் கலங்களில் 18ஆம் வகை இவ்வாறுதான் ஒட்டியிருக்கிறது. ஈ2 புரதத்தை அந்தக் கலங்களுக்குள் திரும்பக் கொடுத்தால், இத்தனை ஆண்டுகளாக ஓயாமல் பிரிந்தவை பிரிவதை நிறுத்திவிடுகின்றன. கட்டுப்பாடு என்ற சொல்லின் பாரத்தை உணர இந்த ஒரு சோதனை போதும்.

பெரிய ஆய்வுகூடங்களில் இழையவியலாளர்கள் இதை ஒரு கபில நிறச் சாயத்தில் பார்க்கிறார்கள். பி16 என்ற புரதம் வழமையாகக் கலப்பிரிவைத் தடுக்கும் புரதம். ஈ7 உள்ள கலங்களில், அதன் அலகை மூடி வைத்திருந்த ஹிஸ்தோன் குறிகள் (டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்தோன் புரதங்களில் ஒட்டிய வேதிக் குறிகள்) அகற்றப்பட்டு, அது நிறைந்து வழிகிறது. தடுக்கும் புரதம் இவ்வளவு இருந்தும் கலம் நிற்பதில்லை, ஏனென்றால் அது வேலை செய்வதற்குத் தேவையான ஆர்பி அங்கே இல்லை. தகடு முழுக்கக் கபிலமாகத் தெரிந்தால், அபாய வகை வைரசு அங்கே வேலை செய்கிறது என்பதற்கு அது வலுவான அடையாளம்.

இலங்கையில் 2017 முதல் ஆறாம் ஆண்டு மாணவிகளுக்கு இந்த வைரசுக்கு எதிரான தடுப்பூசி தேசியத் திட்டத்திலேயே வழங்கப்படுகிறது. பாடசாலையில் இருந்து சம்மதப் படிவம் வரும்போது தயங்காமல் கையொப்பமிடுங்கள்.


திருக்கோவில் வாசகர் எழுதியது:

வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்தியின்போது, அம்மாள் வருத்தம் பற்றிப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். சிறு வயதில் எனக்குக் கொப்புளிப்பான் வந்து மாறியது. அறுபதைத் தாண்டிய பிறகு, சென்ற ஆண்டு நெஞ்சின் ஒரு பக்கத்தில் அக்கி வந்து கடுமையாக வருத்தியது. இரண்டும் ஒரே வைரசுதான் என்று வைத்தியர் சொன்னார். இத்தனை காலமும் அது எங்கே இருந்தது? அப்போது அது என் கலங்களில் எதை மாற்றிக்கொண்டிருந்தது?


ஒலுவில் மூலக்கூற்று உயிரியலாளர் எழுதியது:

ஐயா, அது உங்கள் முள்ளந்தண்டுக்கு அருகிலுள்ள உணர்வு நரம்புத் திரட்டுகளில் இருந்தது. உதட்டில் திரும்பத் திரும்பக் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் சிம்பிளெக்ஸ் வைரசும் அதே குடும்பம். அதைப் பற்றித்தான் மிக விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதால், அதை வைத்தே விளக்குகிறேன்.

இந்த வைரசு தோல் கலத்தில் நடந்துகொள்ளும் விதமும் நரம்புக் கலத்தில் நடந்துகொள்ளும் விதமும் நேர்மாறானவை. தோல் கலத்துக்குள் நுழையும்போதே அது சில புரதங்களைத் தன் உறைக்கும் உட்கூட்டுக்கும் இடையில் வைத்துக் கொண்டுவருகிறது. அவற்றுள் ஒன்று, கலத்தின் தூது ஆர்.என்.ஏ.க்களை, அதாவது அலகுகளில் இருந்து எடுத்த கட்டளைப் பிரதிகளை, துண்டுதுண்டாக வெட்டும் நொதியம். சில மணி நேரத்துக்குள் கலத்தின் பழைய கட்டளைகள் பெரும்பகுதி அழிந்துவிடுகின்றன. விபி16 என்ற இன்னொரு புரதம், நம் கலத்துக்கே உரிய ஒக்ட்-1, எச்சிஎஃப்-1 என்ற இரண்டு காரணிகளோடு சேர்ந்து வைரசின் முதல் அலகுகளை இயக்குகிறது. பிறகு உருவாகும் ஐசிபி0 என்ற புரதம், அந்நிய டி.என்.ஏ.யைச் சூழ்ந்து முடக்கும் கருக்காவல் புரதங்களைச் சிதைக்கச் செய்கிறது. பிரதியெடுக்கும் நொதியமான ஆர்.என்.ஏ. பொலிமரேசு மனித அலகுகளைப் பெருமளவு கைவிட்டு வைரசின் பக்கம் போய்விடுகிறது.

2015இல் வெளியான ஆய்வு ஒன்று எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய பாடம். தொற்றுள்ள கலங்களில் சில மனித அலகுகளின் ஆர்.என்.ஏ. அதிகரித்திருப்பதைக் கண்டு, வைரசு அவற்றை இயக்குகிறது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் பொலிமரேசு ஓர் அலகின் முடிவில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், பல்லாயிரம் மூலச் சோடிகள் தாண்டி ஓடி, அடுத்த அலகுக்குள்ளும் புகுந்து பிரதியெடுத்துக்கொண்டே போகிறது. அப்படி உருவான ஆர்.என்.ஏ. புரதமாக மாறுவதில்லை. எனவே "இந்த அலகு கூடியது, அந்த அலகு குறைந்தது" என்று பட்டியலிடும் சுருக்கங்களை வாசிக்கும்போது, அளந்தது ஆர்.என்.ஏ.யையா புரதத்தையா என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

இனி நரம்புக் கலம். தோலில் இருந்து நரம்பு நார் வழியாக நெடுந்தூரம் போய்ச் சேரும் வைரசின் டி.என்.ஏ.க்கு அங்கே வரவேற்பு வேறு. விபி16 போதிய அளவில் கருவை அடைவதில்லை. எச்சிஎஃப்-1 அந்தக் கலங்களில் பெரும்பாலும் கருவுக்கு வெளியே இருக்கிறது. ஆகவே நரம்புக் கலம் வைரசின் டி.என்.ஏ.யை ஹிஸ்தோன் புரதங்களில் சுற்றி, வாசிக்க முடியாதபடி மூடும் மெதைல் குறிகளை அந்த ஹிஸ்தோன்களில் இட்டுவிடுகிறது. ஏறக்குறைய எல்லா அலகுகளும் மௌனமாகின்றன. புரதம் எதற்கும் உரியதல்லாத ஓர் ஆர்.என்.ஏ. மட்டும் அங்கிருந்து தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். இங்கே கட்டுப்பாட்டை மாற்றுவது நம் கலம். மாற்றப்படுவது வைரசின் அலகுகள்.

காய்ச்சல், கடும் வெயில், உடல் தளர்ச்சி போன்ற அழுத்தங்களின்போது அந்தக் குறிகள் மாறி, எச்சிஎஃப்-1 கருவுக்குள் நகர்ந்து, உதட்டு வைரசு திரும்ப விழிக்கிறது. கொப்புளிப்பான் வைரசு விழிக்கும் விதத்தில் வேறுபாடுகள் உண்டு. வயதோடு நிர்ப்பீடனத்தின் பிடி தளர்வது அதில் முக்கியமானது. உங்கள் அக்கி ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு பட்டையாக வந்திருக்கும். விழித்த நரம்புத் திரட்டுக்குரிய தோற்பகுதி அவ்வளவுதான். அசைக்ளோவிர் மருந்து பெருகும் வைரசில் மட்டுமே வேலை செய்யும், ஏனென்றால் அதை முதலில் தூண்டி விடுவது வைரசின் சொந்த நொதியம் ஒன்று. உறங்கும் வைரசில் அந்த நொதியம் உண்டாவதில்லை. முதற் கொப்புளம் தோன்றி மூன்று நாட்களுக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். வேப்பிலையும் வழிபாடும் மனத்துக்கு ஆறுதல் தரும். அதற்காக அந்த மூன்று நாட்களை இழந்துவிடக் கூடாது.


கல்முனை உயிரியல் ஆசிரியர் எழுதியது:

ஒலுவில் நண்பருக்கு ஒரு கேள்வி. நாம் இங்கே எழுதியவற்றில் எவ்வளவு உண்மையான தோலில் பார்த்தது, எவ்வளவு கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்த கலங்களில் பார்த்தது? மாணவர்களுக்குச் சொல்லும்போது இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுகிறோம் என்பது என் நெடுநாட் கவலை.


ஒலுவில் மூலக்கூற்று உயிரியலாளர் எழுதியது:

கவலை நியாயமானது, சேர். மொலஸ்கம் வைரசை வழமையான கல வளர்ப்பில் பெருக்கவே முடியாது. எனவே எம்சி005, எம்சி132 போன்றவற்றைப் பற்றி நாம் அறிந்தது, அந்தப் புரதத்தை மட்டும் தனியாக வேறு கலங்களில் உண்டாக்கிப் பார்த்த சோதனைகளில் இருந்து பெரும்பாலும் வந்தது. முழு வைரசும் சேர்ந்து ஒரு பிள்ளையின் தோலில் எந்தப் புரதத்தை எவ்வளவு பயன்படுத்துகிறது என்பது வேறு விடயம். பப்பிலோமா வைரசிலோ ஆய்வுகளின் பெரும்பகுதி 16, 18ஆம் வகைகளையும் புற்றுநோய்க் கலங்களையும் பற்றியது. கையில் வரும் மருவை நேரடியாகப் படித்தவை ஒப்பீட்டளவில் சிலவே. சோதனைக்காகக் கெரற்றினை உண்டாக்கும் மேற்றோல் கலங்களைக் காற்றுப் படும்படி அடுக்கடுக்காக வளர்த்துத் தோலைப் போன்ற ஒன்றை உண்டாக்குகிறார்கள். எல்1, எல்2 போன்ற வைரசின் பிந்திய அலகுகள் இயங்குவதை அப்படித்தான் ஆய்வுகூடத்தில் காண முடிந்தது. ஆனால் அதில் இரத்தக் குழாயும் இல்லை, வெண்கலங்களும் இல்லை.

இதனால் மேலே எழுதியவை பொய்யாகிவிடா. மொலஸ்கம் கட்டியின் தகட்டில் வெண்கலங்கள் இல்லாததை எங்கள் தொழில்நுட்பவியலாளர் நண்பர் உண்மையான தோலிலேயே காண்கிறார். தனிப்புரதச் சோதனை சொல்வதும் அதோடு பொருந்துகிறது.


களுதாவளை வாசகி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று கேள்விகள் மீதியுள்ளன. வைரசு போன பிறகு அந்தக் கலங்களில் மாற்றம் தங்கிவிடுமா? மாமா கேட்கும் பரம்பரைக் கேள்விக்கு நேரடியான விடை என்ன? இப்போது ஒரு கட்டி மட்டும் சிவந்து சற்று வீங்கியிருக்கிறது, அது எதனால்?


பிள்ளையாரடி மருத்துவ மாணவி எழுதியது:

அக்கா, சிவந்ததைப் பற்றி முதலில் சொல்கிறேன். மொலஸ்கம் கட்டி சிவந்து வீங்குவது பெரும்பாலும் நிர்ப்பீடனத் தொகுதி அதைக் கண்டுகொண்டதன் அடையாளம். அடக்கப்பட்டிருந்த அழற்சி அலகுகள் அந்த இடத்தில் இயங்கத் தொடங்கிவிட்டன. அப்படிச் சிவக்கும் கட்டிகள் சில வாரங்களில் மறைவதே வழமை. ஆனால் சீழ் வடிந்தாலோ, சிவப்பு சுற்றிலும் பரவினாலோ, தொட்டால் கடுமையாக நொந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அது பக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

மொலஸ்கம் புகுந்த கலங்கள் மேலே போய் இறந்து உதிர்ந்துவிடுகின்றன. அவற்றில் ஏற்பட்ட கட்டுப்பாட்டு மாற்றமும் அவற்றோடு போய்விடும். உங்கள் மகளின் தோலில் அது தங்குவதில்லை.

பரம்பரைக் கேள்விக்கு: பிள்ளைக்குப் போவது முட்டைக் கலத்திலும் விந்துக் கலத்திலும் உள்ள டி.என்.ஏ. மட்டுமே. மொலஸ்கமும் மருவும் மேற்றோலைத் தாண்டுவதில்லை. எனவே அவை அடுத்த தலைமுறையின் பரம்பரையலகுகளைத் தொட வழியே இல்லை.

மாமா வாசித்திருக்கக்கூடிய ஒரு விதிவிலக்கை மறைக்க விரும்பவில்லை. குழந்தைகளுக்குச் சில நாட்கள் காய்ச்சலடித்து, காய்ச்சல் விட்டதும் உடலெங்கும் இளஞ்சிவப்புத் தடிப்பு வரும் ஒரு நோய் உண்டு. அதை உண்டாக்குவது மனித ஹெர்பிஸ் வைரசு 6. அந்த வைரசின் டி.என்.ஏ. நிறமூர்த்தத்தின் முனையில் ஒட்டிக்கொள்ள வல்லது. உலக மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர், அதைப் பெற்றோரிடமிருந்தே பெற்று, உடலின் ஒவ்வொரு கலத்திலும் சுமக்கிறார். பெரும்பாலும் எத்தனையோ தலைமுறைகளுக்கு முன் ஒரு முட்டையிலோ விந்திலோ நேர்ந்த ஒட்டுதல் அது. மொலஸ்கத்துக்கு அப்படி ஓர் இயல்பு கிடையாது என்பதை மாமாவிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.


வாழைச்சேனைத் துறைமுகவாசி எழுதியது:

சகோதரர் கையுறைக்குச் சம்மதித்துவிட்டார், சுண்ணாம்பையும் நிறுத்திவிட்டார். கடைசியாக ஒன்று: இந்தக் கட்டுப்பாட்டையே குறிவைத்து வேலை செய்யும் மருந்து எதுவும் இருக்கிறதா, அல்லது சுடுவதும் உறையவைப்பதும் மட்டும்தானா?


ஒலுவில் மூலக்கூற்று உயிரியலாளர் எழுதியது:

ஒன்று ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது. இமிகுவிமோட் என்ற களிம்பு வைரசைத் தொடுவதே இல்லை. நிர்ப்பீடனக் கலங்களில் உள்ள டி.எல்.ஆர்.7 என்ற உணரியைத் தூண்டி, வைரசு அடக்கி வைத்த இன்டர்பெரோன் அலகுகளை அந்த இடத்திலே இயங்கச் செய்கிறது. அது முதன்மையாகப் பிறப்புறுப்பு மருவுக்கு உரியது. பிள்ளைகளின் மொலஸ்கத்தில் பயன் தெரியவில்லை என்று பெரிய பரிசோதனைகளில் கண்டிருப்பதால், களுதாவளைச் சகோதரி அதைத் தேடிப் போக வேண்டாம். மொலஸ்கத்துக்கென்று ஐக்கிய அமெரிக்காவில் 2023இல் கந்தாரிடினும், 2024இல் நைத்திரிக் ஒட்சைட்டை வெளியிடும் பெர்டசிமர் களிம்பும் அனுமதி பெற்றன. கந்தாரிடின் கொப்புளம் எழுப்பித் தோலின் மேலடுக்கை அகற்றுவது. கட்டுப்பாட்டோடு அதற்குத் தொடர்பில்லை.

உறங்கும் ஹெர்பிசில்தான் நீங்கள் கேட்ட வகை ஆய்வு நேரடியாக நடக்கிறது. மூடும் மெதைல் குறிகளை அகற்றும் எல்.எஸ்.டி.1 என்ற நொதியத்தைத் தடுத்தால், வைரசின் அலகுகள் மூடியபடியே இருந்துவிடும் என்ற எண்ணத்தில், எலியிலும் முயலிலும் கினிப்பன்றியிலும் சோதித்தார்கள். வைரசு விழிப்பது குறைந்தது. அந்த நொதியம் நம் சொந்த அலகுகள் பலவற்றுக்கும் தேவையானது என்பதால், மனிதருக்கு நீண்டகாலம் கொடுக்கக்கூடிய மருந்தாக அதை ஆக்குவது எளிதல்ல. உங்கள் சகோதரரின் கைக்கு இன்றைக்கு உரியது சலிசிலிக் அமிலமும் உறையவைத்தலும்தான். இரண்டுக்கும் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்; மரு முற்றாக மறைந்து தோல் ரேகைகள் பழையபடி தெரியும் வரை இடையில் நிறுத்தக் கூடாது.